முன்சீட்டுக் காது

ஓடும் காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தகுதியான காது இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது என் தலையின் இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கத்துக் காது சும்மா துணைக்கு.

அக்காவின் பழைய காரில் ஸ்டீரியோவின் குமிழ் எப்போதோ கழன்றுவிட்டது. மிச்சமிருந்த தண்டைத் துணி கிளிப்பால் கவ்வித் திருப்புவேன். அவள் வேகமெடுத்தால் கூட்டுவேன், சிக்னலில் நின்றால் குறைப்பேன். அவள் ஆபீஸ் மேனேஜரைத் திட்டும் ஒரு சொல்லும் பாட்டில் முங்காது. அதற்காகவே முன்சீட்டு எனக்கு.

பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, அத்தான் புதுக் காரோடு வந்தார். அதில் வேகத்துக்கு ஏற்றபடி சத்தம் தானாகவே கூடும், குறையும். அக்கா ஓட்ட, முன்சீட்டில் அத்தான். பின்சீட்டில் நானும் ஒரு தண்ணீர் கேனும்.

"எப்படி மச்சான் நம்ம வண்டி?"

"முதலாளி கால வச்சா கத்துது, எடுத்தா பம்முது. சுத்த ஜால்ரா, அத்தான்."

"வயித்தெரிச்சல்டா உனக்கு," என்றாள் அக்கா.

வயிறு எரிந்ததென்னவோ உண்மை. காலையில் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு பெட்ரோல் பங்கில் இருவரும் இறங்கினார்கள். நான் முன்பக்கம் எட்டி, ஸ்டீரியோத் திரையில் அந்த வசதியைத் தேடி அணைத்தேன்.

நெடுஞ்சாலையில் டயர் இரைச்சல் பாட்டை விழுங்கியது. அத்தான் குமிழை முழுதாகத் திருகினார். அடுத்த சிக்னலில் கார் அலறிய அலறலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தார்.

"காதே போச்சு! நீங்க பின்னாடி போங்க. டேய், நீ வா முன்னாடி."

போனேன். தண்ணீர் கேன் அத்தானுக்குத் துணையானது.

கொஞ்ச தூரம் என் கை பிசகவில்லை. அப்புறம் அக்கா, "அந்த மேனேஜர் நேத்து என்ன பண்ணான் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதை என்னிடம் வருவது இதுதான் முதல் தடவை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டேய், வண்டி நின்னு எவ்வளவு நேரமாச்சு, பாட்டு கத்துது பாரு! காத எங்க வச்சிருக்க?"

பின்சீட்டில் அத்தான் தொண்டையைக் கனைத்தார். முன்சீட்டுக்குப் போட்டி கிளம்பும் கனைப்பு அது.

சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஏசியைக் குறைக்கும் பாவனையில் திரையைத் தொட்டு, அந்த ஜால்ராவைத் திரும்ப இயக்கினேன். பிறகு இரண்டு விரலைக் குமிழின் மேல், திருப்புகிற மாதிரி, வைத்துக்கொண்டேன். கார் கிளம்பியது. பாட்டு அளவாக ஏறியது.

"என்ன இருந்தாலும் மச்சான் கை மச்சான் கைதான்," என்றார் அத்தான்.

"அப்புறம் மேனேஜர் என்னக்கா சொன்னான்?" என்றேன்.