ஒரே டிரம்மில் பன்னிரண்டு ஜெர்கின்

"எல்லாத்தையும் ஒரே டிரம்ல போடுங்கக்கா. பிரிச்சுப் போட்டா ஒண்ணு அதிகமா வெளுக்கும், ஒண்ணு கம்மியா வெளுக்கும். அது ஆகாது."

இரண்டு மாதத்துக்கு முன், பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண் என் லாண்டரிக் கவுன்டரில் நின்று இப்படிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற எட்டுப் பேரும் சிரிக்கவில்லை.

எல்லோருக்கும் பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். எல்லோர் கையிலும் தலைமூடி வைத்த சாம்பல் நிற ஜெர்கின். கம்பெனி லேபிளைக் கத்தரித்துவிட்டு, காலருக்கு உள்ளே வெள்ளை நூலால் ஆளுக்கொரு எண் தைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை போடுவார்கள், சனிக்கிழமை மூன்று மணிக்கு வாங்குவார்கள். ஒன்பது பத்தாயிற்று, பத்து பதினொன்று, பிறகு பன்னிரண்டு. நல்ல வாடிக்கை என்று நானும் விட்டுவிட்டேன். துவைத்த பின் மெஷின் ஃபில்டரைக் கழற்றினால் ஒவ்வொரு வாரமும் சிமென்ட் தூசி அப்பிக் கிடக்கும். திட்டிக்கொண்டே கழுவுவேன். அதோடு சரி.

இந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பதினொரு பேர் வந்து வாங்கிப் போனார்கள். பன்னிரண்டாம் எண் பையன் கால் கட்டோடு, ஊன்றுகோலில் வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"சைக்கிள்ல விழுந்துட்டேன்."

"சைக்கிள்ல விழுந்துட்டான்," என்றார்கள் மற்ற பத்துப் பேரும், நான் கேட்காமலேயே.

ஒன்பதாம் எண் ஜெர்கின் மட்டும் கவுன்டரிலேயே கிடந்தது. மூன்று நாற்பதுக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ரசீது புத்தகத்தில் நம்பர் பார்த்து அந்த வீட்டுக்கு போன் போட்டேன். அவன் அம்மா எடுத்தார்.

"அவனுக்கு அனலா காயுதும்மா. ஒரே உளறல். 'நாலு மணி, நாலாம் மாடி, பதிமூணு செத்துடுவான்'னு திரும்பத் திரும்ப அதையே சொல்றான். ஏதாவது கேம்ஸா இருக்குமா?"

என் கையில் இருந்த போன் கனத்தது. பதிமூணு! காலையில் என் தம்பியின் அலமாரியில் ஒரு புது ஜெர்கின் பார்த்தேன். சாம்பல் நிறம். காலருக்கு உள்ளே வெள்ளை நூலில் பதிமூன்று.

வாலு என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். பதினைந்து வயது. போன மாதம் வரை ஒரு நிமிடம் வாய் மூடாதவன், இப்போது எதைக் கேட்டாலும் 'சரி' என்கிறான். வயசு அப்படி என்றார் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ட்யூட்டி நேரத்தில் போன் எடுக்க முடியாது. வாலுவின் போன் அணைத்திருந்தது.

சிமென்ட் தூசி. நாலாம் மாடி. எங்கள் குடியிருப்பில் நான்கு மாடிக்கு ஆள் இல்லாமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான். கடைசித் தெருவில், பாதி கட்டி நிறுத்திய அபார்ட்மென்ட்.

கடையைப் பூட்டக்கூட இல்லை. போலீஸுக்கு போன் செய்துகொண்டே ஓடினேன். "அரை மணியில வண்டி வரும்மா" என்றார்கள். எனக்கு இருந்தது பதினைந்து நிமிடம். சத்தம் போட்டபடி படியேறினால்? ரோஷக்காரன். அக்கா வந்து மானத்தை வாங்கிவிட்டாள் என்று அந்த ஆத்திரத்திலேயே குதித்துவிடுவான்.

ஓடும்போதுதான் கவனித்தேன், ஒன்பதாம் எண் ஜெர்கின் என் கையிலேயே இருந்தது. மாட்டிக்கொண்டேன். தலைமூடியை இழுத்துவிட்டேன். பாக்கெட்டில், எல்லோரும் ஜெர்கினோடு துவைக்கப் போடும் சாம்பல் முகமூடி இருந்தது. மூக்கு வரை ஏற்றினேன். நான் ஒன்றும் வளர்த்தியில்லை. அன்றைக்கு அது உதவியது.

நாலாம் மாடியில் சுவர் இல்லை, கைப்பிடி இல்லை. வெறும் சிமென்ட் தரை, அது முடிகிற இடத்தில் ஆகாயம். பதினொரு பேர் எண் வரிசையில் நின்றார்கள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. போய் நின்றேன்.

"லேட்டு," என்று பல்லைக் கடித்தபடி சொன்னது எட்டு.

தலையை மட்டும் ஆட்டினேன். அவ்வளவுதான்! யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தை மறைத்து மறைத்து, ஜெர்கினைப் பார்த்தே ஆளை ஒப்புக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

எதிரே, விளிம்புக்கு நாலே அடி தள்ளி, முதுகை ஆகாயத்துக்குக் காட்டி நின்றான் வாலு.

"பத்து, முதல் மாடி," என்றது வரிசையின் முனையிலிருந்து ஒரு குரல். கம்பிப் பல் பெண். அவள்தான் ஒன்று. "பதினொண்ணு, ரெண்டாம் மாடி. பன்னிரண்டு, மூணாம் மாடி. பதிமூணு, நாலாம் மாடி."

"சரி," என்றார்கள் அத்தனை பேரும்.

கீழே இருந்த மணல் மேடு இங்கிருந்து தலையணை அளவுக்குத் தெரிந்தது.

"சம்மதமா?"

ஒரே ஒரு கைதட்டல், எல்லோரும் சேர்ந்து. வரிசை ஓர் அடி முன்னால் போனது, என்னவென்று புரியுமுன் நானும் கூடவே. வாலு ஓர் அடி பின்னால் போனான். எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் தள்ள மாட்டார்கள். முன்னால் வருவார்கள். அவனாகவே பின்னால் போக வேண்டும்.

"சம்மதமா?"

நான் தட்டவில்லை.

"ஒரு கை குறையுது," என்றாள் ஒன்று. "மறுபடி. சம்மதமா?"

பதினொரு தலையும் லேசாகத் திரும்பின. இருபத்திரண்டு கண்கள். நினைத்தால் கூசுகிறது, என் கைகள் தாமாகத் தட்டிவிட்டன! கால் தானாக முன்னால் போனது. என் தம்பியை நானே ஓர் அடி பின்னுக்குத் தள்ளினேன். அவன் குதிகாலுக்குப் பின்னால் இரண்டடி.

பக்கவாட்டில் பார்த்தேன். எட்டின் கண் ஏழைப் பார்த்தது. பத்தின் கண் என்னைப் பார்த்தது. ஊன்றுகோலில் நின்ற பன்னிரண்டின் கண் பதினொன்றைப் பார்த்தது. ஒருத்தர் கூட வாலுவைப் பார்க்கவில்லை.

"சம்மதமா?"

தட்டினேன், எல்லோரோடும் சேர்ந்து. வரிசை காலைத் தூக்கிய அதே நொடியில் நான் பின்னால் ஓர் அடி வைத்தேன்.

பத்து தூக்கிய காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு விழித்தது. பிறகு பின்னால் வைத்தது. எட்டும் பின்னால். ஏழு, ஆறு, ஐந்து... அந்தப் பக்கம் பதினொன்று, ஊன்றுகோல் டொக்கென்று ஊன்ற பன்னிரண்டு. சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி வரிசை முழுக்கப் பின்வாங்கியது.

முன்னால் நின்றது ஒன்று மட்டும்தான். தனியாக!

அவள் இடப்பக்கம் பார்த்தாள். ஆள் இல்லை. கண்ணில் வந்த பீதியை வாழ்நாளில் மறக்க மாட்டேன். அந்த இடத்துக்கே தலைவி, ஓட்டமாக ஓடிவந்து வரிசைக்குள் நுழைந்துகொண்டாள்.

நான் முகமூடியைக் கழற்றினேன்.

"ஐயோ, லாண்டரி அக்கா!" என்றது எட்டு.

"அக்கா, போயிடு," என்றான் வாலு. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நான் குதிக்கலன்னா இவங்களுக்கு நான் யாரு?"

"எனக்கு யாருன்னு சொல்லட்டுமா? நேத்து ஏழு பெட்ஷீட்டை மடிக்காம ஓடிப்போன தடியன். இவ்ளோ கஷ்டப்பட்டு நாலு மாடி ஏறினவளுக்குத் தண்ணி இருக்கான்னு கேட்டியாடா?"

அவன் கண்கள் வரிசைப் பக்கம் போயின.

"அங்க பாக்காத. என்னையும் பாக்காத. கீழ பாரு. இப்ப சொல்லு, உனக்குக் குதிக்கணுமா?"

குனிந்து பார்த்தான். காற்று ஜெர்கினை உப்ப வைத்தது.

"வேணாம்," என்றான் மெல்ல. பிறகு கத்தினான். "பயமா இருக்குக்கா! வேணாம்!"

ஒரே தாவலில் போய் அவன் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இருவரும் சிமென்ட் தரையில் உருண்டோம். என் முழங்கை கிழிந்தது. அவன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

"எனக்கும் வேணாம்னுதான் இருந்துச்சு," என்றது ஆறு.

"பின்ன ஏன்டி தட்டின?" என்றேன்.

"எல்லாரும் தட்டினாங்களே."

நான் போனை எடுத்தேன். "உங்க எல்லார் வீட்டு நம்பரும் என் ரசீது புக்குல இருக்கு. வரிசையாக் கூப்பிடப் போறேன்."

அவ்வளவுதான், வரிசை கலைந்தது. தலைமூடிகள் கழன்றன.

"எங்கப்பாகிட்ட மட்டும் வேணாம்க்கா, அம்மாகிட்ட சொல்லுங்க!"

"எங்கம்மா அழ ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க, அப்பாகிட்ட சொல்லுங்க!"

"திங்கக்கிழமை எனக்கு டெஸ்ட். செவ்வாய்க்கிழமை சொல்லுங்களேன், ப்ளீஸ்!"

"நான் யாரையும் குதிக்கச் சொல்லல," என்று தேம்பினாள் கம்பிப் பல் பெண். "சம்மதமான்னுதான் கேட்டேன். யாராவது ஒருத்தர் இல்லன்னு சொல்லுவாங்கன்னு ஒவ்வொரு தடவையும் பார்த்தேன்."

பன்னிரண்டு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு என் அருகே வந்தான். "எங்க வீட்டுக்கு முதல்ல போடுங்கக்கா. சைக்கிள்னு பொய் சொல்லிட்டேன். ராத்திரியெல்லாம் வலிக்குது. எனக்கு வாய் வரல, நீங்க சொல்லுங்க."

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றான் வாலு, மூக்கை உறிஞ்சியபடி. "நீ சொன்னா அஞ்சு மாடின்னு ஏத்தி விடுவ."

ஊன்றுகோல் பையன் சொல்லச் சொல்ல அவன் வீட்டு நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது.