டிக்கியில் இடமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை புதுக் காரைக் காட்டுவதற்காகவே அக்கா வீட்டுக்குப் போனேன். பந்தாதான், வேறென்ன? சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பின் பம்பருக்கு அடியில் காலை ஒரு வீசு வீசினேன். டிக்கி தானாகத் திறந்தது. "ஒரு விரல் படல, பாத்தீங்களா அத்தான்!" என்றேன். சக்கர நாற்காலியில் இருந்த அத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரில், "வியாழக்கிழமை தெரபிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இருபத்தைந்து வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பழக வந்தவர்கள் எதன் மேலாவது மோதப் போகும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக் காப்பாற்றிய கால் அவருடையது. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை கொஞ்சம் தேறியது. கால்தான் அசைவேனா என்றது.

வியாழக்கிழமை காலை சொன்ன நேரத்துக்குப் போய் வாசலில் நிறுத்தினேன். அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் மழை. சக்கரம் இரண்டிலும் சேறு அப்பியிருந்தது. அடியில் துருப்பிடித்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. என் டிக்கியிலோ பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. அந்தக் கம்பி உள்ளே எத்தனை கோடு போடும் என்று கணக்குப் போட்டேன்.

"ஐயோ அக்கா, மறந்தே போச்சு. டிக்கி ஃபுல்லா டைல்ஸ் சாம்பிள். நாற்காலிக்கு இடமே இல்ல," என்றேன். டைல்ஸ் விற்பதுதான் என் தொழில், அதனால் பொய் நாக்கில் சரளமாக வந்தது.

"பின் சீட்ல வெச்சுக்கலாமேடா?"

"நுழையாதுக்கா. இரு, நல்ல டாக்ஸியா சொல்றேன்," என்று ஃபோனிலேயே ஒன்றை வரச் சொன்னேன்.

அக்கா வீட்டைப் பூட்டப் போனாள். அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, என்னைக் கொஞ்சம் வண்டிக்குப் பின்னாடி கொண்டு போய் நிறுத்தேன்."

"எதுக்கு அத்தான்?"

"நிறுத்துப்பா, சொல்றேன். அந்தக் கால் வைக்கிற தட்டையும் மடக்கி விடு."

புரிந்துவிட்டது. காலை வீசி டிக்கியைத் திறக்கப் பார்க்கிறார். சாவி பக்கத்தில் இருந்தால்தான் அது திறக்கும், சாவியோ என் பாக்கெட்டில். நழுவியிருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக அசையாத கால்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று சொல்லவே இப்போது கூசுகிறது.

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. செருப்பு ஒரு அங்குலம் நகர்ந்து நின்றது. மறுபடியும் முயன்றார். அசையக் கூடாதே, அசையக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆமாம், அதைத்தான் வேண்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை பாதம் பம்பருக்கு அடியில் போய்த் திரும்பியது. பீப் என்று ஒரு சத்தம், டிக்கி மெல்ல மேலே எழும்பியது.

கதவைப் பூட்டிவிட்டு வந்த அக்கா கத்தினாள். "காலு! காலு அசைஞ்சுதுடா!" ஓடி வந்து அவர் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

அத்தானுக்கு மூச்சு வாங்கியது. "ஞாயித்துக்கிழமைலேருந்து இதைத்தான் பழகிட்டிருந்தேன் மாப்ள. தெரபிப் பொண்ணு ஆட்டுங்கன்னா வரல. உன் டிக்கிய நெனச்சு ஆட்டினா கொஞ்சம் வந்துச்சு. பாவம், எங்களுக்காக அலையிற. இந்த ஒரு வேலையாவது உனக்கு மிச்சம் பண்ணலாமேன்னு..."

அப்போதுதான் அவர் டிக்கிக்குள் பார்த்தார். உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் உறை, மூலையில் காரோடு வந்த குடை. அவ்வளவுதான். அவர் என்னைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்துக்கொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

அக்காவுக்குக் கால் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஃபோனை எடுத்தாள். "இன்னொரு தடவ செய்ங்க, வீடியோ எடுக்கறேன். அந்தப் பொண்ணு நம்ப மாட்டா." டிக்கியை மூடிவிட்டு நகரப் பார்த்தேன். "டேய், நீ எங்க போற? சாவி உங்கிட்டதான இருக்கு. இங்கயே நில்லு."

நின்றேன். கால் வீசியது, டிக்கி திறந்தது, நான் அதன் பக்கத்தில் முகத்தில் ஈயாடாமல் நின்றேன். எல்லாம் பதிவாகியது.

அக்கா வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள். நிமிர்ந்து டிக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன்டா, சாம்பிள்னு..."

"டாக்ஸி வந்துடுச்சு பாரு," என்று அத்தான் குறுக்கே பேசினார்.

"அக்கா, நம்ம வண்டியிலயே ஏத்திடலாம்க்கா. டாக்ஸிய அனுப்பிடறேன்," என்றேன். அக்கா ஃபோனைப் பையில் போட்டுவிட்டு நாற்காலியை டாக்ஸிப் பக்கம் திருப்பினாள்.

டாக்ஸிக்காரர் தன் டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியையும் தண்ணீர் கேனையும் ஒதுக்கிவிட்டு, சேறும் கம்பியுமாக நாற்காலியை உள்ளே வைத்தார். "மன்னிச்சுக்குங்க, ஒரே சேறு," என்றாள் அக்கா. "கழுவினா போயிடும்மா," என்றார் அவர்.

அத்தான் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அடுத்த வியாழக்கிழமையும் வண்டியக் கொண்டு வருவியா?"

"கண்டிப்பா அத்தான். நானே கூட்டிட்டுப் போறேன், சத்தியமா."

"அதெல்லாம் வேணாம்ப்பா. கால் பழகணும், அவ்வளவுதான். சும்மா வாசல்ல கொண்டாந்து நிறுத்து, போதும்."

அவர் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார். டாக்ஸி தெருமுனையில் திரும்பியது. திறந்து கிடந்த டிக்கிக்குப் பக்கத்தில் நான், அக்கா நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.