மேடையேறிய அப்பா

நூலா டார்ப்பி எழுதிய நாடகத்தில் ஒரு கவுன்சிலர் வருவார். ஆங்கிலேயரை எதிர்த்து டப்ளின் தபால் ஆபீஸைப் பிடித்த எழுச்சியில் தன் அப்பாவும் துப்பாக்கி தூக்கினார் என்று ஊரெல்லாம் மார்தட்டுவார். கடைசி அங்கத்தில், அப்பா ஆங்கிலேய அரசின் போலீஸ்காரர் என்பது வெளிப்பட்டுவிடும். ஒத்திகையில் விழுந்து விழுந்து சிரித்தோம். எழுச்சிக்கு ஐம்பதாம் ஆண்டு அது. அயர்லாந்தில் அப்படி மார்தட்டாத வேட்பாளர் ஏது?

நூலாவின் தம்பி மலாக்கியும் கவுன்சிலர்தான். நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வீடு வீடாக ஏறி, "அது எங்கப்பா இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அதுவரை இளையவர்கள் யாருக்கும் அந்தச் சந்தேகமே எழுந்ததில்லை. விஷயம் தெரிந்த சில பெரியவர்கள் வாய் திறந்ததும் இல்லை.

கவுன்சிலராக நடிக்க இருந்தவர் மலாக்கிக்குப் பயந்து விலகினார். நூலா தானே கால்சட்டை மாட்டிக்கொண்டாள். பங்குக் கோவில் கூடத்தின் பின்னறையில் நான் அவளுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தபோது மலாக்கி வந்தார்.

"மானத்த வாங்காத நூலா. தேர்தல் முடியட்டும்."

"அப்பா செத்து இருபது வருஷமாச்சு. இன்னும் எத்தனை தேர்தலுக்கு அவர ஒளிச்சு வைப்ப?"

"ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கத்தான்டா டிக்கெட்டு. தபால் ஆபீஸ்ல இருந்தேன்னு சொல்ற அத்தனை பேரும் அன்னைக்கு உள்ள இருந்திருந்தா, வெள்ளைக்காரன் சுடவே வேண்டாம், சுவரு தானா விழுந்திருக்கும். தள்ளு, மீசை கோணுது."

வராமல் இருந்தால் ஊர் இன்னும் பேசும் என்று மலாக்கி முன்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டாம் அங்கம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இடைவேளைத் தேநீர் வந்ததும் எழுந்தார்.

"போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க. எங்கப்பா போலீஸ்காரர் இல்ல!"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த டெலியா ஹேன்லி கெண்டியைக் கீழே வைத்தாள். எழுச்சியில் நிஜமாகவே சண்டையிட்டு மெடல் வாங்கியவரின் மகள் அவள்.

"உட்காருங்க மலாக்கி. நீங்க கைக்குழந்தையா இருந்தப்ப, போலீஸ்காரங்க வீட்டுக்கு யாரும் பால் விக்கக் கூடாதுன்னு எங்க ஆளுங்க உத்தரவு போட்டிருந்தாங்க. உத்தரவு போட்டவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தரு. ஆனா தினமும் விடியக்காலைல கேனை என் கையில குடுத்து, 'குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு, கோவில் மதில் பின்னாடி வச்சிட்டு ஓடியா'ம்பாரு. உங்கப்பா காலி கேனைக் கழுவி, பளபளன்னு வச்சிருப்பாரு."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மலாக்கி உட்கார்ந்தார். டெலியா அவர் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தாள். பகைவன் வீட்டுத் தொட்டிலுக்குப் பால் போன வழியைக் கர்த்தர் பார்த்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

திரை உயர்ந்தது. நூலா ஒரு வரியைக்கூட விடவில்லை. கடைசியில் தொப்பியைக் கழற்றினாள்.

"ஆமாங்க, எங்கப்பா போலீஸ்காரர்."

கூடமே மேடையை விட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்தது. மலாக்கி எழுந்தார்.

"பேரையும் சொல்லு நூலா."

அது நாடகத்தில் இல்லாத வசனம். நூலா தம்பியைப் பார்த்தாள்.

"கான்ஸ்டபிள் தாமஸ் டார்ப்பி" என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.