கண் மட்டத்தில் ஒரு கண்ணாடி

கடைத்தெருவில் அவனுக்கு 'ஷோகேஸ்' என்றே பெயர். பீங்கான் கடையில் கண்ணாடி அலமாரி அடுக்குவது அவன் வேலை. விரிசல் விட்ட கோப்பையையும், விரிசல் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்து, அரண்மனைச் சாமான் போலக் காட்டிவிடுவான். யாராவது விரலை நீட்டினால் போதும், வாயிலிருந்து தானாகவே வந்துவிடும்: "கை வைக்காதீங்க, நான் எடுத்துக் காட்டுறேன்."

அவன் தன் பத்து மாத மகளுக்காக வீட்டில் ஒரு விளையாட்டு மூலை அமைத்திருந்தான். சுவரில் மூன்று தட்டுப் பலகை. அதில் மர வளையங்கள் நிறவரிசையில், துணிப் புத்தகங்கள் உயரவரிசையில். பக்கத்தில் ஒரு கண்ணாடி. ஒரு தூசி இருக்காது.

திங்கட்கிழமை மனைவிக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. கடையில் சொல்லி மாலை முறைக்கு மாறிக்கொண்டவன், "மத்தியானம் வரைக்கும் எம் பொண்ண நான் பாத்துக்கறேன்" என்று அடித்துச் சொல்லியிருந்தான். மனைவி தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. "அக்கா ஒரு தடவ வந்து பாத்துட்டு சொல்லட்டும்" என்றாள்.

மனைவியின் அக்கா, குழந்தைகள் காப்பகத்தில் பன்னிரண்டு வருடமாகத் தவழுகிற கூட்டத்தை மேய்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள்.

"வாங்க அண்ணி! இப்படி நின்னு பாருங்க, இங்கேர்ந்துதான் எடுப்பா தெரியும்" என்று அவளை நடு அறையில் நிறுத்தினான். "சரக்கு எப்பவும் வாங்குறவங்க கண் மட்டத்துல இருக்கணும். அதான் தொழில்."

"பிரமாதம் தம்பி. உங்ககிட்ட வாங்குறவங்க உயரம் எவ்வளவு?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். "நீங்களும் வாங்க. சட்டை அழுக்காகாது, தரைய நல்லாத்தான் தொடச்சிருக்கீங்க."

படுத்தான். பலகைகளின் அடிப்பக்கம் தெரிந்தது. இரண்டு ஆணி முனை, கிழிக்காமல் விட்ட விலைச்சீட்டு ஒன்று. கண்ணாடியில் மின்விசிறியின் ஒரு இறக்கை மட்டும் தெரிந்தது. இத்தனை நாளும் அவன் தலை வாரிக்கொண்டது அதில்தான். காது மடல் சூடாயிற்று.

"இறக்கி வச்சா போச்சு அண்ணி. அரை மணி நேர வேல."

"அது சரி" என்று எழுந்த அக்கா, ஒரு சிவப்பு வளையத்தை எடுத்துக் குழந்தையின் முன்னால் வைத்தாள்.

குழந்தை கையை நீட்டியது. பாதி வழியில் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"நான் ஒண்ணும் சொல்லலியே!" என்றான் ஷோகேஸ்.

"சொல்லல. நல்ல பொண்ணு, சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுக்குது."

மனைவி ஏற்கெனவே மடித்திருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பான். 'கை வைக்காதே' என்று எத்தனை முறை சொல்லியிருப்பான்? ஒவ்வொரு வளையத்துக்கும், ஒவ்வொரு புத்தகத்துக்கும். மகள் இன்னும் 'அப்பா' சொல்லக் கற்கவில்லை. அவனிடம் இதைக் கற்றிருக்கிறாள்.

அதற்குள் குழந்தை தவழ்ந்து சமையலறைக்குள் போய்விட்டது. அங்கே அடித்தட்டை மனைவி அவளுக்கென்று விட்டு வைத்திருந்தாள். நசுங்கிய எவர்சில்வர் கிண்ணங்கள், மரக்கரண்டி, பொருந்தாத மூடிகள், காலி டப்பாவுக்குள் ஒரு பந்து. கரண்டி கிண்ணத்தில் இறங்கியது. டங், டங். ஒவ்வொரு மூடியையும் டப்பாமேல் வைத்துப் பார்த்து, பொருந்தாததை வீசினாள். கூடவே ஒரு கூச்சல். தன் மகளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்பது அவனுக்குத் தெரியாது.

ஆசையாகச் சமையலறை வாசற்படியில் போய் நின்றான். சத்தம் நின்றது. கரண்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

அக்காவும் மனைவியும் பின்னால் நிற்பது தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பினான். கடையில் அந்தக் கோப்பையைத் திருப்பி வைப்பானே, அப்படி.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டங்.

"அண்ணி" என்றான், சுவரைப் பார்த்தபடியே. "நாளைலேர்ந்து இவள நீங்களே காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எத்தன நாளைக்கு?"

"நான் வந்து நின்னாலும் இவ தட்டிக்கிட்டே இருக்கற நாள் வர்ற வரைக்கும்."

மனைவி, "மொதல்ல உக்காருங்க, காலு வலிக்கும்" என்றாள். அந்தக் கரிசனம்தான் அவனை இன்னும் குறுக வைத்தது. குழந்தைக்கு முதுகைக் காட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

ஒரு மூடி உருண்டு வந்து அவன் இடுப்பில் இடித்து விழுந்தது. பின்னாலேயே முழங்கால்கள் தரையில் தேய்கிற ஓசை. ஒரு சின்னக் கை அவன் சட்டையைப் பிடித்து ஊன்றி மூடியை எடுத்தது.

அவன் திரும்பவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.