நதியா நின்ற விதம்

என் மனைவி நதியா இறந்து பதினைந்து வருடமாகிறது. இன்றும் மின்சாரம் போனால் மாடிப்படியில் அவள் நடை கேட்கிறது. வலது கால் அழுத்தமாக, இடது கால் தொட்டும் தொடாமலும். நான் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

விருதுநகர் பக்கமிருந்து திருப்பூர் வந்து இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் சேர்ந்தோம். நான் டெய்லர். அவள் மேல்மாடியில் செக்கிங். நாள் முழுக்க நின்றபடி, தைத்த துணியைப் புரட்டிப் பழுது இருக்கிறதா என்று பார்த்து, கட்டுக் கட்டாகக் கீழே கொண்டு போய்ச் சேர்க்கிற வேலை. மகள் பிறந்த பிறகு அவளுக்கு இடுப்பு மூட்டில் வலி வந்தது. அதிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்பாள்.

“ஏனுங்க அம்மிணி, மேசைக்கு முட்டுக் குடுக்கறீங்களா?” என்பார் சூப்பர்வைசர் பொங்கியண்ணன்.

“நான் நகந்தா மேசை விழுந்துரும்ணே.”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றாள். கண்ணை மூடச் சொன்னார். மூடியதுமே சரிந்தாள், நான் பிடித்துக்கொண்டேன். அந்த மூட்டு வலியில் உடம்புக்குத் தன் நிலை சரியாகத் தெரிவதில்லை, கண்ணை நம்பித்தான் நிற்கிறாள் என்றார். இடுப்பெலும்பைச் சுற்றி இறுக்கமாகப் பட்டி கட்டினால் பிடிமானம் கிடைக்கும் என்றும் சொன்னார்.

கடைப் பட்டிக்குப் பதில் நானே ஒன்று தைத்தேன். கம்பெனியில் ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக்கின் மிச்சத்தை யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் அதில் வரிசையாக நெய்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அறைக்குள் கண்ணை மூடி நடந்து காட்டினாள்.

“பாத்தீகளா? சர்க்கஸ்ல சேந்துரலாம்.”

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு கம்பெனியில் துணி காணாமல் போக, வாசலில் சோதனையைக் கடுமையாக்கினார்கள். பெண்களைத் தடவிப் பார்ப்பது ராமாயி என்கிற காவல்காரம்மா. ஒரு சாயங்காலம் அவள் கை நதியாவின் இடுப்பில் நின்றது.

“என்ன கண்ணு, இத்தன தடிப்பா இருக்குது?”

“இடுப்பு வலிக்கா. துணி கட்டிருக்கேன்.”

“நாளைக்கு இல்லாம வா சாமி. மேனேஜர் பாத்தா என்ற வேல போயிரும்.”

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். எலாஸ்டிக்கில் இருந்த பெயரைப் பார்த்தால் நான்தான் திருடன்.

“இந்தச் சோதனையெல்லாம் முடியுற வரைக்கும் கட்டாத,” என்றேன்.

“மாடிப்படி இருக்கே?”

“பிடிச்சுக்கிட்டு இறங்கு.”

“எந்தக் கையால? ரெண்டு கையிலயும் துணிக்கட்டு இருக்கும்ல.”

அவள் பட்டியை அவிழ்த்து என் பக்கமாகத் தள்ளினாள்.

அது மின்வெட்டு நேரம் மாறி மாறி வந்த காலம். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவள் துணிக்கட்டோடு படியிறங்கும்போது மின்சாரம் போனது. அந்தப் படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதால், அவள் விழுந்த சத்தம் கீழே இருந்த எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

ஆபீஸில் மேனேஜர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். “அவிங்களுக்குத் தலசுத்தல் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?”

உண்மையைச் சொன்னால் பட்டியைச் சொல்ல வேண்டும். பட்டியைச் சொன்னால், கழற்றச் சொன்னது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

“இருந்துச்சுங்க,” என்றேன்.

அப்படியே எழுதினார்கள். இரண்டு முறை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சொந்தபந்தமும் அதையே நம்பியது.

மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். எந்தப் படியிலும் சுவரைத் தடவித் தடவித்தான் இறங்குவாள். போன வாரம் பாதிப் படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

“அம்மாவுக்கு வந்த தலசுத்தல் எனக்கும் வருமாப்பா?”

“வராது கண்ணு.”

“உங்களுக்கு எப்புடித் தெரியும்?”

எனக்குத் தெரியும். அவள் சுவரிலிருந்து கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.