நான்காவது கார்டு

பெனிட்டாவின் வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்து இறங்குகிறது என்றால், அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒன்று ஒரு மாதம் முன்பே பக்கத்து வீட்டில் இறங்கியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பக்கத்து வீடு சுபிதாவுடையது. பெனிட்டாவின் கணவன் கிளமெண்டின் தம்பி டெர்வினைக் கட்டியவள். லம்பா லைன் பகுதியில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு, நடுவில் இடுப்பளவு சுவர். அந்தச் சுவர் மட்டும் ஆள் உயரத்துக்கு இருந்திருந்தால் பெனிட்டாவுக்குப் பாதிக் கடன் வந்திருக்காது.

சுபிதா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மாதம் பிறந்தால் சம்பளம். பெனிட்டாவுக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் கடையில் பதினான்காயிரத்துக்கு வேலை. கிளமெண்ட் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் கிரீசர். பாதி மாதம் கடலில் கிடப்பான். மீதிப் பாதி தூங்குவான். வீட்டுக் கணக்கு முழுக்கப் பெனிட்டாவின் கையில். கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் கடைக்கே வந்து, சிரித்த முகத்தோடு, அக்கா அக்கா என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதல் கார்டில் பிரிட்ஜ். சுபிதாவுடையது ஒற்றைக் கதவு, இவளுடையது இரட்டைக் கதவு. இரண்டாவதில் விமான டிக்கெட். அதுவரை கப்பலின் அடித்தட்டில் பங்க் டிக்கெட் எடுத்து, மூன்று நாள் வாந்தியெடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனவள்தான். சுபிதா பிள்ளைகளை விமானத்தில் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போன வருடமே தன் பிள்ளைகளையும் ஏற்றினாள். மூன்றாவதில் சோபாவும் டிவியும்.

நான்காவது கார்டைப் பற்றி யாருக்கும் தெரியாது.

அவர்கள் பங்குக் கோயிலில் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பம் ஏற்கும். பூசைக்கு முன்னால் அந்தக் குடும்பத்தின் பெயரை வாசிப்பார்கள். போன வருடம் சுபிதாவும் டெர்வினும் ஐந்தாம் திருநாளை எடுத்தார்கள். பெயரை வாசித்தபோது சுபிதா தலைகுனிந்து சும்மா நின்றாள். அந்தச் சும்மா நின்றதுதான் பெனிட்டாவின் வயிற்றில் நெருப்பைக் கொட்டியது. இந்த வருடம் தேர் வரும் ஒன்பதாம் திருநாளையே எடுத்துவிட்டாள். பேண்டு வாத்தியம், பூ அலங்காரம், ஊருக்கே பிரியாணி. துபாயில் இருக்கும் என் அண்ணன் அனுப்பினது என்று கிளமெண்டிடம் சொன்னாள். உண்மையில் அது நான்காவது கார்டிலிருந்து ரொக்கமாக எடுத்த பணம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது.

வட்டி ஏறுகிற மூன்று கார்டுக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினாள். பிரிட்ஜ் கார்டு வட்டியில்லாத் தவணை. அதற்கு மட்டும் முந்திக்கொண்டு இரண்டு தவணையாகக் கட்டினாள். காரணம் வேறொன்றுமில்லை. அந்த பேங்க் மட்டும்தான் பில்லைத் தபாலில் அனுப்பும். பகலில் பெனிட்டா வீட்டில் இல்லாததால் தபால்காரர் இரண்டு வீட்டுக் கடிதத்தையும் சுபிதா வீட்டில் போட்டுவிட்டுப் போவார். சுபிதா பிரித்துப் பார்த்தால் பாக்கி குறைவாகத் தெரிய வேண்டும். வட்டி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. அது பெனிட்டாவுக்கும் தெரியும். ஆனால் சுபிதாவின் கண்ணில் படுவதுதான் அவளுக்குக் கடனாகத் தெரிந்தது.

விஷயம் வெடித்தது லாங் ஐலண்டில். கப்பல் அங்கே கட்டியிருந்தபோது வசூல் ஆள் ஒருவன் கிளமெண்டுக்கே போன் போட்டுக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டான். வெள்ளிக்கிழமை வீடு வந்தவன் குளிக்கக்கூட இல்லை. அலமாரியைக் குடைந்து மூன்று கார்டையும் எடுத்து மேசையில் போட்டான். நான்காவது அவள் கைப்பைக்குள், மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது.

"மூணு கார்டு! ஒனக்கு மூணு கார்டு என்னத்துக்குட்டி?"

பெனிட்டா அழுதாள். பாதி பயத்தில், பாதி மூன்றோடு நின்றதே என்ற நிம்மதியில்.

கிளமெண்ட் கத்தி ஓய்ந்ததும் சொன்னான். "லாங் ஐலண்ட் எடத்த வித்துருவோம். அப்பா எனக்குத் தந்த பன்னிரண்டு சென்ட். அவ்ளோதான், வேற வழியில்ல."

ஓய்வு பெற்றதும் அங்கே ஒரு ஓட்டு வீடு கட்டி, சின்ன டோங்கிப் படகு ஒன்று வாங்கி மீன் பிடிக்கப் போவேன் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆரு வாங்குவா?" என்றாள் பெனிட்டா.

"டெர்வின்தான். பக்கத்துப் பன்னிரண்டு சென்ட் அவனுக்குத்தானே."

அவ்வளவுதான். பெனிட்டாவின் அழுகை நின்றுவிட்டது. இருபத்துநான்கு சென்டும் தென்னையும் கடற்கரையும் சுபிதாவுக்கா? தான் செத்தாலும் அது நடக்கக்கூடாது. கணவன் கனவு போகிறதே என்ற வருத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசை அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஒங்க ஆபீஸ் சங்கத்துல லோன் கேக்கலாமே," என்றாள் அவசரமாக. "பத்துப் பெர்சன்ட்தானே?"

"ரெண்டரை லட்சம் வரைக்கும் தருவான். கவர்மென்ட் ஸ்டாஃப் ஒருத்தர் ஜாமீன் போடணும். எனக்கக் கூட வேல பாக்குறவன் எல்லாம் ஏற்கெனவே ஆருக்காவது போட்டாச்சு." கிளமெண்ட் நிறுத்தினான். "சுபிதாவக் கேக்கணும்."

நிலம் போனால் சுபிதாவுக்கு. நிலம் நிற்க வேண்டுமென்றால் சுபிதாவின் கையெழுத்து. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே நின்றாள். இரண்டு நாள் மென்று முழுங்கிய பிறகு, நிலத்தைக் கொடுப்பதைவிட மானத்தைக் கொடுப்பது மேல் என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் சுபிதாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். டெர்வின் டூரிஸ்ட் படகோடு ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தான். சுபிதா ஃபாரத்தை நிதானமாகப் படித்தாள். கடனுக்கான காரணம் என்ற இடத்தில் கிளமெண்ட் 'வீடு மராமத்து' என்று எழுதியிருந்தான்.

"அத்தான், இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பெனிட்டாவுக்கு உள்ளே ஒரு கெட்ட சந்தோஷம் துள்ளியது. இதோ காட்டிவிட்டாள் பார், தன் குணத்தை!

"மராமத்துன்னா சங்கத்துல பில்லு கேப்பாங்க. உள்ளத எழுதுங்க. அக்கா, நீங்களே எழுதுங்க. எந்தக் கார்டு, எவ்வளவு, என்ன வட்டி, மாசம் எவ்வளவு கட்டுறீங்க." பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் நகர்த்தி வைத்தாள். "எத மொதல்ல அடைக்கணும்னு ஹிசாப் போட்டுட்டுப் போலாம்."

பெனிட்டா எழுதினாள். பிரிட்ஜ் முப்பத்தெட்டாயிரம். டிக்கெட் எழுபத்திரண்டாயிரம். சோபா, டிவி எண்பத்துநாலாயிரம். ஒவ்வொரு எண்ணையும் சுபிதாவின் முன்னால் துணி அவிழ்ப்பது மாதிரி எழுதினாள்.

சுபிதா பார்த்தாள். "பிரிட்ஜுக்குத்தான் வட்டியே இல்லையே. அதுக்கு ஏன் டபுளா கட்டியிருக்கீங்க?"

"நீ பாப்பேன்னுதான்," என்றாள் பெனிட்டா. வாய் தவறி வந்துவிட்டது. "அந்த லெட்டர் ஒன் வீட்டுக்குத்தானே வரும்."

"அரே, ஒங்க லெட்டர நான் ஏன் அக்கா பிரிக்கப் போறேன்? மாமியார் படத்துக்குக் கீழ வைப்பேன், பிள்ளைங்க கொண்டாந்து தரும். அவ்வளவுதான்." சுபிதா சிரிக்கவில்லை, கேலியும் இல்லை. "பிரிட்ஜ் வாங்கினீங்களா? எப்போ?"

பெனிட்டா பேனாவைக் கீழே வைத்தாள். இரட்டைக் கதவு பிரிட்ஜ். இரண்டு பேர் தூக்க முடியாமல் இந்த வாசல் வழியாகத்தான் கொண்டு போனார்கள். இவள் பார்க்கவே இல்லை. விமானத்தைப் பார்க்கவில்லை, சோபாவைப் பார்க்கவில்லை. இவ்வளவு வட்டியும் கட்டியது பார்க்காத ஒருத்தியின் கண்ணுக்கு முன்னால். ஒரு தடவையாவது இவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்தால் இந்தக் கடனில் ஒரு ரூபாயாவது செரித்திருக்கும் என்று நினைத்தாள். ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது.

சுபிதா அதற்குள் கூட்டிவிட்டாள். "ஒரு லட்சத்து தொண்ணூத்துநாலாயிரம். ரெண்டு லட்சம் போட்டா போதும். நிலத்தத் தொட வேண்டாம் அத்தான்."

கிளமெண்ட் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். "பாத்தியாட்டி, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டா!"

சுபிதா பேனாவைத் திறந்தாள். பெனிட்டா கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். நான்காவதைத் தன் சம்பளத்தில் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். கட்ட முடியாது. மாதம் மூன்றாயிரத்துக்கு மேல் வட்டி மட்டும். இரண்டு வருடத்தில் இதே மேசைக்கு வர வேண்டும். அப்போது கையெழுத்து இருக்காது, நிலம்தான் இருக்கும்.

"நில்லு," என்றாள்.

கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. தொண்ணூத்துநாலாயிரம்."

கிளமெண்டின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஒம்பதாம் திருநாள். எங்க அண்ணன் ஒண்ணும் அனுப்பல. இவ அஞ்சாம் நாள் எடுத்தா. என்னால பொறுக்க முடியல."

சுபிதா எழுதியதை அடித்துவிட்டு, மேலே அந்தத் தொகையை முதலாவதாக எழுதினாள். பிரிட்ஜைத் தனியே விட்டு மற்ற மூன்றையும் கூட்டினாள். சரியாக இரண்டரை லட்சம் வந்தது. ஃபாரத்தில் 'வீடு மராமத்து' என்பதை அடித்து 'கார்டுக் கடன்' என்று மாற்றி, தொகையை எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

கிளமெண்ட் ஃபாரத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்குப் பங்குச் சாமியார் எனக்குப் பொன்னாட போத்தினாரு," என்றான். "நான் துபாய்க்குப் போன் போட்டு ஒங்க அண்ணனுக்கு நன்றி சொன்னேன். அவரு ஒண்ணுமே சொல்லாம கேட்டுட்டு இருந்தாரு."