பத்து மணிக்கு எடுத்த படம்

கால்பந்து அணி மொத்தமும் அவரை மாமா என்றுதான் கூப்பிடும். சட்டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. இருபது வருஷத்தில் ஒரு காலுறைகூடத் தொலைந்ததில்லை என்று பீற்றிக்கொள்கிற ஆள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர், பல நாடுகள் கூடிய விளையாட்டு விழாவில், அரையிறுதிக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது பேயறைந்த மாதிரி நின்றார். எதிரணி சிவப்பு. இவர் கொண்டுவந்ததும் சிவப்பு.

யாருக்கு எந்த நிறம் என்று முந்தின நாள் காலை பத்து மணிக்கு நடுவர் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். இவர் போகவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் உலகமே கொண்டாடும் ஓட்டக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மகளுக்காக அவனோடு படம் எடுக்க வரிசையில் நின்றுவிட்டார். எப்பவும் சிவப்புதானே என்ற மிதப்பு வேறு.

"வெள்ளை செட் எங்க மாமா?" என்றார் பயிற்சியாளர்.

"சலவைக்கூடத்துல சார். நேத்தே கேட்டேன், அந்தம்மா தரல." வாய் கூசாமல் வந்துவிட்டது.

பயிற்சியாளர் போனிலேயே அந்தம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அரை மணியில் சலவைக்காரம்மா மூட்டையோடு ஓடிவந்தாள். சட்டைகளில் இஸ்திரிச் சூடுகூட ஆறவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே. நீங்க கேட்டது ஞாபகமே இல்ல. என் மறதிதான்."

மாமா தலையை ஆட்டினார். சீ, ஆட்டினாரே!

ஒரு கோலில் ஜெயித்தார்கள். பையன்கள் மாமாவைத் தூக்கிச் சுற்றினார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அந்தம்மா மேல புகார் பண்ணிட்டேன். நாளைலேருந்து வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம்," என்றார் பயிற்சியாளர்.

மாமாவின் போன் சிணுங்கியது. 'படம் சூப்பர்ப்பா! எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.' மகள்தான்.

அந்தப் படத்தைப் பயிற்சியாளரிடம் நீட்டினார். ஓட்டக்காரன் தோளில் சாய்ந்து பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். பின்னால் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து.

"கூட்டத்துக்கு நான் போகவேயில்ல சார். அந்தம்மாகிட்ட எதுவும் கேக்கவும் இல்ல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பயிற்சியாளர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்தம்மா வேலைக்கு நான் பேசிக்கறேன். மத்தத நீங்களே போய்ச் சொல்லுங்க."

சலவைக்கூடத்தில் அவள் டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஜெயிச்சீங்களாண்ணே?" என்றாள். "சார்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா நம்புவாரு."